மூணு மணி நேரம்னு சொன்னாங்களே

ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே நாற்காலிகள் போட்டிருக்கும் கூடத்தில், நான்காவது மணி நேரம் தொடங்கும்போது யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுவார். "மூணு மணி நேரம்னு சொன்னாங்களே." கேள்வி யாரையும் நோக்கி இருக்காது. கண் கடிகாரத்தில் இருக்கும். பக்கத்தில் இருப்பவர் "வந்துருவாங்க, வந்துருவாங்க" என்பார். அதற்கு மேல் இருவரும் பேச மாட்டார்கள். இதே நேரத்தில் உள்ளே எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருக்கும். ரத்த அழுத்தம் சீராக இருக்கும், கட்டி பாதி விடுபட்டிருக்கும், மருத்துவர்களுக்கு எந்தப் பதற்றமும் இருக்காது. ஆனால் வெளியே ஒருவர் மனதுக்குள் மிக மோசமான செய்தி வரைக்கும் போய்த் திரும்பியிருப்பார்.

புற்றுநோய் அறுவைக்கு உள்ளே போகிறவரை மருத்துவமனை பல நாட்கள் தயார்செய்கிறது. ரத்தப் பரிசோதனை, இதயப் பரிசோதனை, மயக்க மருத்துவரின் ஆலோசனை, எப்போதிலிருந்து சாப்பிடக் கூடாது, எந்த மாத்திரையை எத்தனை நாளுக்கு முன்பே நிறுத்த வேண்டும் என்று எல்லாவற்றையும் எழுதிக் கொடுக்கிறார்கள். வெளியே காத்திருக்கும் கணவனுக்கோ மனைவிக்கோ அப்படி ஒரு தாளும் கிடையாது. "இங்கேயே இருங்க, கூப்பிடுவோம்" என்பதோடு சரி. இது எனக்கு ஆறாத விஷயம். ஆறுதல் கிடைக்கவில்லை என்பதற்காகச் சொல்லவில்லை. ஆறுதல் சொல்ல ஆட்கள் நிறையவே வருவார்கள். விவரம்தான் கிடைப்பதில்லை. காத்திருப்பவருக்கு அங்கே ஒரு வேலை இருக்கிறது என்பதையும், அது என்ன வேலை என்பதையும் முன்கூட்டி யாரும் சொல்வதில்லை. உள்ளே படுத்திருப்பவர் அந்த ஐந்தாறு மணி நேரம் பேச முடியாது. அவர் என்ன நினைத்தார், எதற்கு ஒப்புக்கொண்டார், எதை வேண்டாம் என்றார் என்பது வெளியே இருப்பவரிடம்தான் இருக்கிறது. இந்தக் கட்டுரை அந்த வேலையைப் பற்றியது.

கதவு மூடிய பிறகு

ஸ்ட்ரெச்சர் உள்ளே போய்க் கதவு மூடியதும் கத்தி வைத்துவிடுவார்கள் என்றுதான் வெளியே இருப்பவர் நினைக்கிறார். அவருடைய கணக்கு அந்த நொடியில் தொடங்குகிறது. மருத்துவர் சொன்ன மூன்று மணி நேரமோ பெரும்பாலும் தோலில் முதல் கீறல் போடுவதிலிருந்து கடைசித் தையல் வரைக்குமானது. இந்த இரண்டு கணக்குக்கும் இடையே முன்னால் ஒரு மணி நேரமும் பின்னால் ஒன்று அல்லது இரண்டு மணி நேரமும் விழுந்துவிடுகின்றன. சில நாள் முந்தைய ஆபரேஷன் முடியாததால், உள்ளே போனவர் தியேட்டர் அறைக்குள்கூடப் போகாமல் அதற்கு முந்தைய அறையில் அரை மணி, முக்கால் மணி படுத்திருப்பார். அதுவும் வெளியே தெரியாது.

முதல் ஒரு மணி நேரத்தில் என்ன நடக்கிறது? கையில் கட்டியிருக்கும் பெயர்ப்பட்டையைப் பார்த்து, பெயர், எந்த ஆபரேஷன், எந்தப் பக்கம் என்று நோயாளி வாயாலேயே சொல்லச் சொல்வார்கள். உலக சுகாதார நிறுவனம் 2008-இல் வெளியிட்ட சரிபார்ப்புப் பட்டியலின் முதல் பகுதி இது. அந்தப் பட்டியலை மூன்று கட்டமாகச் சரிபார்ப்பார்கள்: மயக்கம் கொடுப்பதற்கு முன் ஒரு முறை, கீறல் போடுவதற்கு முன் ஒரு முறை, தியேட்டரை விட்டு வெளியே அனுப்புவதற்கு முன் ஒரு முறை. பிறகு ஊசி போடும் குழாய், மார்பில் இ.சி.ஜி. ஒட்டுகள், விரலில் ஆக்ஸிஜன் அளவு பார்க்கும் கிளிப். பெரிய வயிற்று ஆபரேஷன் என்றால், வலி மருந்து செலுத்துவதற்காக, உட்கார வைத்து முதுகில் மெல்லிய குழாய் ஒன்றைப் பொருத்துவார்கள். இதற்கு மட்டுமே இருபது நிமிடம் ஆகலாம். முகமூடி வழியாகச் சில நிமிடம் ஆக்ஸிஜன், அதன் பிறகு மயக்க மருந்து, தொண்டையில் சுவாசக் குழாய். ஆள் தூங்கிய பிறகும் கத்தி வராது. ரத்த அழுத்தத்தை நொடிக்கு நொடி காட்டுவதற்கு மணிக்கட்டு ரத்தக் குழாயில் ஒரு ஊசி, கழுத்தில் ஒரு குழாய், சிறுநீர்க் குழாய். கை கால்கள் அழுந்தி நரம்பு பாதிக்காதபடி மெத்தைத் துண்டுகளை வைத்துப் படுக்க வைப்பார்கள். உடம்பு குளிர்ந்துவிடாமல் சூடான காற்று ஊதும் போர்வை போர்த்துவார்கள். கீறலுக்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் நோய்த்தொற்றைத் தடுக்கும் ஊசி போடப்பட வேண்டும். இதெல்லாம் முடிந்துதான் மருந்து பூசி, துணி மூடி, எல்லோரும் ஒரு நிமிடம் நின்று பெயரையும் பக்கத்தையும் மறுபடி சத்தமாகச் சொல்லி ஆரம்பிக்கிறார்கள்.

முடிவிலும் இப்படித்தான். கட்டி வெளியே வந்துவிட்டது என்பதால் ஆபரேஷன் முடிந்ததாக ஆகாது. ரத்தக் கசிவு இருக்கிறதா என்று பார்ப்பது, உள்ளே சேரும் நீரை வெளியேற்றும் ட்ரெயின் குழாய் வைப்பது, பஞ்சுத் துணிகளையும் கருவிகளையும் எண்ணுவது, அடுக்கடுக்காகத் தைப்பது எல்லாம் மீதி இருக்கும். எண்ணிக்கையில் ஒரு துணி குறைந்தால் அது கிடைக்கும்வரை மூட மாட்டார்கள். தேவைப்பட்டால் அங்கேயே எக்ஸ்ரே எடுப்பார்கள். பிறகு மயக்கம் தெளிவிப்பது, தானாக மூச்சு விடுகிறாரா என்று பார்த்துக் குழாயை எடுப்பது, மீட்பு அறையில் ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ கண்காணிப்பது.

அதனால் முந்தைய நாள் மருத்துவரிடம் "எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்பதால் பெரிய பயன் இல்லை. கேட்க வேண்டியது இது: "உள்ளே அழைத்துப் போனதிலிருந்து நான் நேரில் பார்க்கும்வரை மொத்தம் எத்தனை மணி நேரம் ஆகலாம்? எத்தனை மணிக்கு மேல் ஆனால் நான் யாரிடம் போய்க் கேட்க வேண்டும்?" இரண்டாவது கேள்வி முதலாவதைவிட முக்கியம் என்பேன். போய்க் கேட்பதற்கு ஒரு நேரமும் ஒரு ஆளும் குறித்துக் கொடுக்கப்பட்டுவிட்டால், அந்த நேரம் வரும்வரை மனசு கொஞ்சம் அடங்கி இருக்கும்.

சீக்கிரம் முடிந்தால் நல்லது என்ற நம்பிக்கை

நேரம் நீண்டால் ஆபத்து, சீக்கிரம் கூப்பிட்டால் நல்ல செய்தி என்று எல்லோரும் நினைக்கிறோம். புற்றுநோய் அறுவையில் இது பல சமயம் தலைகீழாக இருக்கும். சொல்வதற்குக் கஷ்டமான விஷயம்தான். ஆனால் தெரியாமல் இருப்பது அதைவிடக் கஷ்டம்.

கணையத்தின் தலைப்பகுதியில் உள்ள கட்டியை எடுக்கும் விப்பிள் ஆபரேஷனை எடுத்துக்கொள்ளுங்கள். கணையத் தலை, சிறுகுடலின் முதல் பகுதி, பித்தப்பை, பித்தநாளத்தின் கீழ்ப்பகுதி எல்லாம் எடுத்து, மூன்று இடங்களில் புதிதாக இணைப்புப் போட வேண்டும். ஐந்து முதல் எட்டு மணி நேரம் ஆவது சாதாரணம். இந்த ஆபரேஷனில் ஒன்றரை மணி நேரத்தில் மருத்துவர் வெளியே வந்து கூப்பிட்டால், பெரும்பாலும் உள்ளே பார்த்தபோது ஸ்கேனில் தெரியாத சிறு பரவல் கல்லீரல் மேலோ வயிற்று உறை மேலோ கண்ணுக்குப் பட்டிருக்கும், அல்லது கட்டி முக்கியமான ரத்தக் குழாயைச் சுற்றியிருக்கும். அப்படி இருந்தால் கட்டியை எடுக்காமல் மூடிவிடுவதுதான் நோயாளிக்கு நல்லது. பெரிய அறுவையின் காயத்தோடு கீமோவைப் பல வாரம் தள்ளிப்போடுவதில் லாபம் இல்லை. இந்தச் சாத்தியத்தை வெளியே இருப்பவர் முன்னமே கேட்டுத் தெரிந்துவைத்திருந்தால், அந்த வார்த்தைகள் காதில் விழும்போது அவற்றின் பொருளாவது புரியும். "எடுக்காம விட்டுட்டாங்களே" என்ற கோபத்தில் அடுத்த கேள்வியைக் கேட்காமல் விட்டுவிடும் நிலை வராது. அடுத்த கேள்வி: "இனி என்ன சிகிச்சை, எப்போது?"

நேரம் நீளுவதற்கோ எத்தனையோ சாதுவான காரணங்கள் உண்டு. முன்பு ஏதாவது ஆபரேஷன் ஆன வயிறு என்றால் குடல் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். அதைப் பிரிக்கவே ஒரு மணி நேரம் போய்விடும். சிறு துளைகள் வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோப்பியில் தொடங்கி, நடுவில் திறந்து செய்ய முடிவெடுத்தால் நேரம் மாறும். இது தோல்வி கிடையாது, பாதுகாப்புக்கான முடிவு. வாய்ப் புற்றில் தாடையை எடுத்துவிட்டு, காலிலிருந்து எலும்பையும் தோலையும் ரத்தக் குழாயோடு கொண்டுவந்து பொருத்தினால், இரண்டு மூன்று மில்லிமீட்டர் குறுக்களவுள்ள குழாய்களை மைக்ராஸ்கோப் வைத்துத் தைப்பார்கள். எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் ஆகும். வயிற்று உறையில் பரவிய புற்றுக்குச் சூடான கீமோ மருந்தை வயிற்றுக்குள்ளேயே சுழல விடும் சிகிச்சை இருந்தால், கட்டிகளை எல்லாம் எடுத்த பிறகு 41 முதல் 43 டிகிரி செல்சியஸ் சூட்டில் அந்த மருந்து மட்டுமே ஒரு மணி, ஒன்றரை மணி சுற்றிக்கொண்டிருக்கும். இன்னொரு காரணம், ஃப்ரோசன். அதற்குத்தான் வருகிறேன், ஏனென்றால் கதவு நடுவில் திறப்பது பெரும்பாலும் அதனால்தான்.

நடுவில் கதவு திறந்தால்

"இன்னாரோட அட்டெண்டர் யாருங்க?" ஆபரேஷன் முடிய வேண்டிய நேரம் ஆகவில்லை. பச்சை உடுப்பில், தொப்பியோடு ஒருவர் கதவை அரைகுறையாகத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறார். கூடத்தில் இருக்கும் அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கிறார்கள். கூப்பிடப்பட்டவருக்குக் கால் ஓடாது. காத்திருப்பு முழுவதிலும் இந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் தயாராக வேண்டும் என்று நினைக்கிறேன். மற்ற மணி நேரங்களைச் சும்மா கடத்தினாலும் பெரிய நஷ்டம் இல்லை.

ஃப்ரோசன் என்பது என்ன என்று முதலில் பார்த்துவிடலாம். எடுத்த திசுவில் ஒரு துண்டைத் தியேட்டரிலிருந்து நேராக லேபுக்கு அனுப்புவார்கள். அங்கே அதை உலோகத் தட்டில் ஒரு பசைபோன்ற திரவத்தோடு வைத்து, ஏறத்தாழ மைனஸ் 20 டிகிரியில் இருக்கும் பெட்டிக்குள் உறைய வைக்கிறார்கள். கல்போல ஆனதும், அந்தப் பெட்டிக்குள்ளேயே இருக்கும் கத்தியில் சுமார் ஐந்து மைக்ரான் தடிமனுக்குச் சீவுகிறார்கள். ஒரு மில்லிமீட்டரை இருநூறாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு. சீவிய ஏடு சுருளாமல் இருக்கச் சிறு தூரிகையால் விரித்து, கண்ணாடித் துண்டில் ஒட்டி, சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்த்துப் பதிலைத் தியேட்டருக்குச் சொல்கிறார்கள். ஒரு துண்டுக்கு இருபது நிமிடம் அளவில் ஆகும். துண்டுகள் கூடினால் நேரமும் கூடும். அதுவரை அறுவை மருத்துவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கலாம், அல்லது வேறு பகுதியில் வேலையைத் தொடரலாம். நோயாளி மேசையில் இருக்கும்போதே பதில் வேண்டும் என்ற இந்தத் தேவை பழையது. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் வில்லியம் மேயோ இதைக் கேட்க, லூயி வில்சன் திசுவை உறைய வைத்துச் சாயமேற்றும் தன் முறையை 1905-இல் வெளியிட்டார். நூற்றாண்டு தாண்டியும் அடிப்படை மாறவில்லை.

அந்தப் பதில் ஆபரேஷனின் போக்கையே மாற்றும். சூல்பைக் கட்டி சாதாரணமானது என்று வந்தால் அதோடு நிறுத்தலாம். புற்று என்று வந்தால் கருப்பையும் நெறிகளும் (நிணநீர் முடிச்சுகள்) சேர்ந்து போகலாம். மார்பகப் புற்றில், சாயம் முதலில் போய்ச் சேரும் அக்குள் நெறியில் புற்று இருக்கிறதா இல்லையா என்பதை வைத்து மற்ற நெறிகளை எடுப்பதா விடுவதா என்று சில இடங்களில் முடிவு செய்கிறார்கள். நாக்கிலோ கன்னத்திலோ வெட்டிய விளிம்பில் புற்று தெரிந்தால் இன்னும் கொஞ்சம் வெட்ட வேண்டும். மலக்குடல் ஆபரேஷனில், கீழே போட்ட இணைப்பு ஆறும்வரை சிறுகுடலை வயிற்றுக்கு வெளியே திறந்துவிடுவதா என்பது பல சமயம் உள்ளே நிலைமையைப் பார்த்த பிறகே தெரியும். அப்படி ஒரு வாய்ப்பு இருந்தால் முதல் நாளே வயிற்றில் பேனாவால் ஒரு புள்ளி வைத்திருப்பார்கள். அந்தப் புள்ளி எதற்கு என்று நோயாளியும் துணையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்த இடத்தில்தான் தவறு நடக்கிறது. கையெழுத்துப் போட்ட ஒப்புதல் படிவத்தில் "தேவைப்பட்டால்" என்று தொடங்கும் ஒரு வரி இருக்கும். முந்தின நாள் மாலையில், பத்துத் தாள்களில் ஒன்றாக, அவசரத்தில் அது கையெழுத்தாகியிருக்கும். கதவருகே நிற்பவர் அந்த வரியைப் பற்றித்தான் கேட்கிறார், அல்லது அதன்படி செய்யப்போவதைச் சொல்கிறார். கலங்கிப் போனவர் இரண்டில் ஒன்று செய்வார். "நீங்க என்ன நல்லதுன்னு நினைக்கிறீங்களோ செய்யுங்க டாக்டர்" என்று முழுக்க விட்டுவிடுவார், அல்லது தன் பயத்திலிருந்து ஒரு பதிலைச் சொல்லிவிடுவார். இரண்டிலும் உள்ளே படுத்திருப்பவர் இல்லை. முடிவு உள்ளே இருப்பவருடையது. வெளியே இருப்பவர் அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பவர். "நான் என்ன விரும்புகிறேன்" என்று யோசிக்கத் தொடங்கினால் அந்த ஒரு நிமிடத்தில் தலை சுற்றிவிடும். "அவள் என்ன சொன்னாள்" என்று நினைவுபடுத்திக்கொள்வது ஒப்பிட்டால் எளிது. அவள் சொல்லியிருந்தால்.

சொல்ல வைப்பதுதான் முந்தைய இரவின் வேலை. பெரிய பேச்சு எதுவும் தேவையில்லை. மருத்துவரிடம் சேர்ந்தே போய், "உள்ளே போன பிறகு திட்டம் மாறக்கூடிய இடங்கள் எவை?" என்று கேளுங்கள். இரண்டு அல்லது மூன்று இடங்களைச் சொல்வார். வீட்டிலோ வார்டிலோ உட்கார்ந்து அந்த மூன்றுக்கும் பதிலை எழுதிக்கொள்ளுங்கள். மார்பகம் முழுவதும் எடுக்க வேண்டி வந்தால் அதே மயக்கத்திலேயே எடுத்துவிடலாமா, அல்லது எழுப்பிப் பேசிவிட்டு இன்னொரு நாள் செய்வதா? வயிற்றில் வெளித்திறப்பு வந்தால் சம்மதமா? கட்டியை முழுதாக எடுக்க முடியாது என்று தெரிந்தால், பாதி எடுத்து அபாயத்தைக் கூட்டுவதா, மூடிவிட்டு வேறு சிகிச்சைக்குப் போவதா? "அதெல்லாம் இப்ப எதுக்குங்க, நல்லதே நினைங்க" என்று துணை தட்டிக்கழிக்கலாம். அப்போது இப்படிச் சொல்லிப் பார்க்கலாம்: "நாளைக்கு என்னைக் கூப்பிட்டுக் கேட்டா, நான் உன் பதிலைச் சொல்லணும்மா. என் பதிலைச் சொல்லிடக் கூடாது." பெரும்பாலானவர்கள் இதற்குப் பதில் சொல்லிவிடுகிறார்கள். சிலர் ஆச்சரியப்படும் அளவுக்குத் தெளிவாகச் சொல்கிறார்கள். அவர்கள் பல நாளாக அதையே யோசித்துக்கொண்டிருந்திருப்பார்கள், கேட்க ஆள் இல்லாமல்.

கதவருகே கூப்பிட்டால் கேட்க வேண்டியவை நான்கே: என்ன பார்த்தீர்கள்? என்ன செய்யப்போகிறீர்கள்? இப்போதே செய்யாவிட்டால் என்ன ஆகும்? ஆள் நிலைமை எப்படி? பிறகு எழுதிவைத்ததைச் சொல்லுங்கள். காகிதத்தைப் பார்த்துப் படித்தாலும் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

மடியில் இருக்கும் பை

உள்ளே அனுப்புவதற்கு முன் கழற்றிக் கொடுத்தவை எல்லாம் அந்தப் பையில் இருக்கும். நகைகளைக் கழற்றச் சொல்வது திருட்டுப் பயத்தால் மட்டும் இல்லை. திசுவைச் சுடும் மின்கருவி பயன்படும்போது உடம்பில் உலோகம் இருந்தால் அங்கே தீக்காயம் படலாம், விரல் வீங்கினால் மோதிரம் இறுக்கும். நகப்பூச்சு இருந்தால் விரல் கிளிப்பின் அளவு தவறலாம். கழற்றும் பல் செட் மூச்சுப் பாதையில் நழுவலாம். இவற்றில் மூக்குக் கண்ணாடி, காது கேட்கும் கருவி, பல் செட் மூன்றையும் பையின் மேலே, தனி உறையில், பெயர் எழுதி வையுங்கள். மீட்பு அறையில் முதலில் தேவைப்படுபவை அவைதான். கூடவே மாத்திரைப் பட்டியலும், ஒவ்வாமை எதற்கு என்ற குறிப்பும், ரத்தத்தை இளக்கும் மருந்தைக் கடைசியாக எந்தத் தேதியில் சாப்பிட்டார் என்பதும் ஒரே தாளில் இருக்கட்டும்.

தொலைபேசியை ஒரே ஒருவரிடம் ஒப்படைத்துவிடுங்கள். மைத்துனர், மகள், யாரோ ஒருவர், வேறொரு இடத்தில் இருந்தபடி எல்லா உறவுக்கும் அவர் பதில் சொல்லட்டும். நாற்பது பேருக்கு "இன்னும் முடியல" என்று சொல்லிக்கொண்டே இருந்தால், ஐந்தாவது மணி நேரத்தில் மருத்துவர் சொல்வதைக் கேட்கத் தெம்பு இருக்காது. போனில் சார்ஜும் இருக்காது. உங்கள் சொந்த மாத்திரையை மறந்துவிடாதீர்கள். சர்க்கரைக்கோ ரத்த அழுத்தத்துக்கோ மருந்து எடுப்பவர் அன்று மட்டும் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்து, மாலையில் அந்தக் கூடத்திலேயே மயங்கி விழுவது நடக்கிற விஷயம். எழுந்து போகும்போது வாசலில் இருக்கும் பணியாளரிடம் சொல்லிவிட்டு, எண்ணைக் கொடுத்துவிட்டுப் போங்கள். அவ்வளவுதான்.

மூன்று நிமிடப் பேச்சு

கடைசியில் மருத்துவர் வெளியே வருகிறார். முகமூடி கழுத்தில் தொங்குகிறது. நின்றபடி பேசுகிறார், மூன்று நிமிடம் இருக்கும். அவர் பேசத் தொடங்கும்போதே கேட்பவர் காது "எடுத்துட்டோம்" என்ற ஒரு சொல்லைத் தேடுகிறது. அது கிடைத்ததும் மற்றது எதுவும் நிற்பதில்லை. அதனால் இன்னொருவரைப் பக்கத்தில் நிறுத்துங்கள். அவர் வேலை எழுதுவது மட்டும். பதிவு செய்துகொள்ளலாமா என்று மருத்துவரிடம் கேட்டாலும் பலர் மறுப்பதில்லை.

"எல்லாம் எடுத்துட்டோம்" என்றால் கண்ணுக்கும் கைக்கும் தெரிந்த அளவில் மீதி இல்லை என்று பொருள். விளிம்புகளில் மைக்ராஸ்கோப்புக்கு மட்டும் தெரியும் மீதி உண்டா, நெறிகளில் எத்தனையில் புற்று இருக்கிறது, எந்த நிலை, கீமோ வேண்டுமா, ரேடியேஷன் வேண்டுமா என்பவை எல்லாம் பயாப்சி ரிப்போர்ட் வந்த பிறகே தெரியும். எடுத்த திசுவை, அது கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்தில் ஊறவைத்து, அங்குலம் அங்குலமாக வெட்டிப் பார்த்து, மெழுகில் பதித்து, மூன்று நான்கு மைக்ரான் தடிமனில் சீவி, சாயமேற்றிப் பார்க்கிறார்கள். பெருங்குடல் என்றால் குறைந்தது 12 நெறிகளாவது தேடி எடுத்துப் பார்த்திருக்க வேண்டும். கொழுப்புக்குள் புதைந்திருக்கும் அவற்றை ஒருவர் விரலால் தடவித் தடவித்தான் கண்டுபிடிக்கிறார். தாடை எலும்பு இருந்தால் அதைச் சுண்ணாம்புச் சத்து நீக்கி மெதுவாக்கவே பல நாள் ஆகும். மார்பகத்தில், எந்த மருந்து பலன் தரும் என்று காட்டும் ஹார்மோன் ஏற்பி, ஹெர்2 பரிசோதனைகள் அதற்கு மேல் சில நாள். ஆக, ஒரு வாரம் பத்து நாள் என்பது தாமதம் ஆகாது. ஃப்ரோசனில் சொன்ன பதில் இந்த ரிப்போர்ட்டில் மாறவும் கூடும்; உறைய வைக்கும்போது உண்டாகும் பனித்துகள்கள் செல்களின் வடிவத்தைக் குலைக்கும், கொழுப்புத் திசு சரியாக உறையவே உறையாது. அப்போது யாரும் ஏமாற்றியதாக நினைக்க வேண்டாம்.

அந்த மூன்று நிமிடத்தில் என்ன கேட்பது? திட்டமிட்டபடியே நடந்ததா, எது மாறியது? ரத்தம் ஏற்றினீர்களா? இன்றிரவு வார்டா, ஐ.சி.யூ.வா? நாளைக்குள் எதைக் கவனிக்கச் சொல்கிறீர்கள்? பயாப்சி ரிப்போர்ட் எப்போது, யாரிடம்? நோய் இனி எப்படிப் போகும் என்ற முன்கணிப்பைப் பற்றி அங்கே நின்றபடி கேட்காதீர்கள். விடை அவரிடமும் இன்னும் இல்லை. சில இடங்களில் எடுத்த திசுவைக் கொண்டுவந்து காட்டுவார்கள். பார்க்க விருப்பமில்லை என்றால் சொல்லிவிடலாம். அதில் அவமரியாதை எதுவும் கிடையாது.

முதலில் பார்க்கும்போது

மீட்பு அறையில் படுத்திருப்பவர் காலையில் உள்ளே போனவர்போல இருக்க மாட்டார். தலைப்பக்கம் சாய்த்து வைத்துச் செய்யும் இடுப்புப் பகுதி ஆபரேஷன் என்றால் முகமும் இமையும் வீங்கியிருக்கும். ஒரு நாளில் வடியும். குளிரில் விறைத்தவர்போல உடம்பு நடுங்கலாம், மயக்க மருந்துக்குப் பிறகு அது வழக்கம்தான், போர்வை கேளுங்கள். குழாய் இருந்ததால் குரல் கரகரக்கும். லேப்ராஸ்கோப்பி ஆனவர் "தோள்பட்டை வலிக்குது" என்பார். வயிற்றுக்குள் செலுத்திய வாயு, மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் உதரவிதானத்தை உறுத்துவதால் வரும் வலி அது. மார்பக ஆபரேஷனில் நீலச் சாயம் பயன்படுத்தியிருந்தால் தோல் சாம்பல் நீலமாகத் தெரியலாம், சிறுநீர் பச்சையாகவோ நீலமாகவோ போகும். இதை முன்பே தெரிந்துவைக்காதவர்கள் அந்த யூரின் பேக்கைப் பார்த்துப் பதறிப்போகிறார்கள். ட்ரெயின் பாட்டிலில் ரத்தம் கலந்த நீர் சேர்வது இயல்பு. ஆனால் கெட்டியான சிவப்பு ரத்தம் வேகமாக நிரம்பினாலோ, காயத்தின் மேல் பந்துபோல வீங்கினாலோ, கழுத்து ஆபரேஷன் ஆனவர் மூச்சுக்குத் திணறினாலோ, சிஸ்டரைக் கூப்பிட ஒரு நிமிடமும் யோசிக்காதீர்கள்.

வாய், தொண்டை ஆபரேஷன் ஆகிக் கழுத்தில் துளை போட்டிருந்தால் அவரால் பேச முடியாது; இது தற்காலிகமா என்று முன்பே கேட்டிருப்பீர்கள். எழுத ஒரு பலகையும் பேனாவும் கொண்டுபோங்கள். வாயில் பொருத்துவதற்காக முன்கையிலிருந்து தோல் எடுத்திருந்தால் எந்தக் கை கட்டுப்போடாமல் இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் எழுதாத கையிலிருந்துதான் எடுத்திருப்பார்கள்.

முதலில் கண்ணாடியை மாட்டிவிடுங்கள், காதுக் கருவியைப் பொருத்துங்கள். பிறகு பேசுங்கள். கண் தெரியாமலும் காது கேளாமலும் இருக்கும்போது சுற்றிக் கேட்கும் பீப் சத்தங்கள் அவரை இன்னும் குழப்பும். "ஏங்க, எடுத்துட்டாங்களா?" என்பார். பதில் சொல்வீர்கள். ஐந்து நிமிடத்தில் அதையே மறுபடி கேட்பார். மயக்க மருந்தின் மிச்சம் இருக்கும்வரை புதிதாகக் கேட்டது மனதில் பதியாது. நீங்கள் சொன்னதை அவர் கேட்கவில்லை என்று நினைத்துவிட வேண்டாம். நல்ல செய்தி என்றால் ஒவ்வொரு முறையும் அதே சொற்களில், அதே நிதானத்தில் சொல்லுங்கள். நல்ல செய்தி இல்லையென்றால், அந்த அறையில், அந்த நிலையில் சொல்ல வேண்டாம். பொய்யும் சொல்ல வேண்டாம். "ஆபரேஷன் முடிஞ்சிருச்சும்மா. நான் இங்கதான் இருக்கேன். டாக்டர் நாளைக்கு வந்து நம்ம ரெண்டு பேர்கிட்டயும் பேசுவார்." இதில் ஒவ்வொரு சொல்லும் உண்மை. மருத்துவரிடம் மறுநாள் அந்த நேரத்தைக் கேட்டு வாங்கி வைத்துவிட்டுத்தான் இதைச் சொல்ல வேண்டும்.